பகதூரின் ஊருக்குச் சாலை வந்தது

பகதூர் மாமாவிடம் "ஊருக்கு எப்போ போறீங்க?" என்று இனிமேல் யாரும் கேட்க வேண்டாம் என்று நம் தெருப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். ஏன் கேட்கக்கூடாது என்றாள் என் மகள். ஒரு வரியில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருப்பவன். உடம்பைப் பற்றி இதில் வருவதெல்லாம் பகதூரின் ஊர்ப்பக்கம் ஒரு டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னது. உங்களுக்குப் புரிகிற மாதிரி நான் சொல்லிப் பார்க்கிறேன்.

புதிதாகக் குடிவந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பகதூர் நம் தெருவின் காவலாளி. நேபாளத்து மலைக்காரர். உங்களில் பல பேர் பிறப்பதற்கு முன்பே செம்பாக்கத்துக்கு வந்துவிட்டார். தமிழை டீக்கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் கற்றுக்கொண்டதால், சென்னைத் தமிழ் நம்மைவிட அவருக்கு நன்றாக வரும். மனைவி இறந்து வெகு நாளாகிறது. ஊரில் அவருக்கு இருந்தது வயதான அப்பாவும் லால் என்கிற தம்பியும்தான்.

போன ஆனி மாதம் லால் போன் செய்தான். அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, உன்னைத்தான் கேட்கிறார், சீக்கிரம் வா என்றான். அந்த நேரம் பார்த்து பகதூருக்கு வலது கையில் மாவுக்கட்டு. மழையில் கேட்டை இழுத்து மூடும்போது வழுக்கி விழுந்திருந்தார். ஒற்றைக் கையோடு அவ்வளவு தூரம் எப்படிப் போவார் என்று தெருவே கவலைப்பட்டது. எங்கள் பட்டறையில் ஆர்டர் இல்லாமல் எல்லோரையும் வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். நான் துணைக்குப் போகிறேன் என்றேன்.

உடனே எல்லோருடைய கவலையும் பகதூரை விட்டு என் மேல் தாவிவிட்டது. "அவ்வளவு உயரத்துல மூச்சு முட்டும் சார், பாத்துக்குங்க," என்றார் தெருச் சங்கத் தலைவர். என் மனைவி என்னுடைய ஸ்வெட்டருக்கு மேல் அவளுடைய தம்பியின் ஸ்வெட்டரையும் வைத்துக் கட்டினாள். நம் டாக்டர் இரண்டு பேருக்கும் சேர்த்து மலைக்கான மாத்திரை எழுதிக் கொடுத்தார். பகதூர் தன் பங்கை என் பையிலேயே போட்டார்.

"உங்களுக்குத் தேவைப்படும் அண்ணா. எனக்கு இன்னாத்துக்கு? நான் அங்க பொறந்தவன். மீன புட்ச்சி நீச்சல் கத்துக் குடுப்பாங்களா?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புதான் நெஞ்சில் நிற்கிறது.

ரயில் கதையை விட்டுவிடுகிறேன். எல்லை தாண்டிய முதல் நாள் தாம்பரத்தைவிட அதிக வெயில். நேபாளம் என்றாலே பனி என்று நினைத்திருந்த நான் இரண்டு ஸ்வெட்டரையும் தலைக்கு வைத்துப் படுத்தேன். சாப்பாடு நம் கல்யாணப் பந்தி மாதிரி. தட்டில் சோறு, பருப்பு, கீரை, ஒரு ஊறுகாய். தட்டு காலியாகும் முன்பே கேட்காமல் இன்னொரு கரண்டி விழுகிறது. போதும் என்று கையை மறைத்தால் கைக்கு மேலேயே போட்டுவிடுவார்கள் போலிருந்தது.

இரண்டாம் நாள் பஸ். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கீழே எங்கோ ஆறு. பஸ் கூரையில் ஆடுகள். வளைவில் திரும்பும்போதெல்லாம் தலைக்கு மேல் குளம்புச் சத்தம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடியது. வழியில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியபோது பின் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட, ஆடுகளைத் தவிர எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நான் கண்ணை மூடிக்கொண்டே வந்ததைப் பார்த்த நடத்துநர் என்னவோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. பகதூர் மொழிபெயர்த்தார்: "மதராசி அண்ணன் சாமி கும்புட்டுகினு வர்றாரு, பஸ்ஸுக்கு இன்சூரன்ஸ் தேவையில்லன்றான்."

மூன்றாம் நாள் ஆற்றங்கரையில் ஒரு சின்ன பஜார் ஊரில் இறங்கினோம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையின் ஒரு மூலையைப் பெயர்த்து மலையில் வைத்த மாதிரி இருந்தது. அங்கே ஒரு சிறு ஆஸ்பத்திரியும் உண்டு. அதன் சுவரில், மேலே போகிறவர்கள் இரண்டு இரவு இங்கே தங்கிப் போகவும் என்று படம் போட்டு எழுதியிருந்தது. பகதூர் அதை எனக்குப் படித்துக் காட்டினார். அந்த நேரம் பார்த்து லாலின் போன். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"நீங்க இங்க ரெண்டு நாளு தங்கிட்டு வாங்க அண்ணா. நான் முன்ன போறேன்."

"ஒத்தக் கையோட எங்க போவீங்க? நானும் வரேன். மாத்திரைதான் போடறேனே."

இப்படித்தான் மறுநாள் காலையில் ஜீப்பில் ஏறினோம். இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். பகதூர் முன்பெல்லாம் ஊருக்குப் போனபோது இந்தச் சாலை கிடையாது. பஜாரிலிருந்து பல நாள் நடந்துதான் ஏறுவார். கடைசியாக அவர் வந்துபோன பிறகுதான் மலையை வெட்டி மண் சாலை போட்டார்கள். இப்போது அதே தூரம் ஒரு பகல் பொழுது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்த பகதூருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இங்க எனக்கு கால் சுளுக்கிச்சி. அங்க ஒரு தபா மழையில மாட்டிக்கினேன்," என்று கைகாட்டிக்கொண்டே வந்தார்.

நடுவில் ஓரிடத்தில் கல்லடுக்கிக் கூரை போட்ட ஒரு கொட்டகை வந்தது. வெளியூரில் வேலை செய்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் இங்கே மூன்று இரவு தங்காமல் மேலே போகக்கூடாதாம். பகதூரின் தாத்தா காலத்துப் பழக்கமாம்.

"எதுக்கு?"

"மலைகிட்ட சொல்லணும், நான் வந்துட்டேன், அடையாளம் தெரியுதான்னு. மலை மோந்து பாத்துட்டு சரி வான்னு சொல்லும். அப்பால போலாம்."

"இப்போ?"

"இப்போ டிரைவர் ஆரன் அடிச்சு சொல்லிடுவான்," என்றார். நிஜமாகவே டிரைவர் ஒரு ஹாரன் அடித்துவிட்டு நிற்காமல் போனான்.

மாலையில் கணவாய் உச்சிக்கு வந்தோம். அதற்கு மேல் வண்டி போகவில்லை. கொஞ்சம் தள்ளி மலை சரிந்து, சேறும் பாறையும் சாலையை விழுங்கியிருந்தன. மண் இன்னும் வழுக்கிக்கொண்டிருந்ததால் நடந்து தாண்டவும் விடவில்லை. காலையில் பார்க்கலாம் என்றார்கள். உச்சியில் ஒரே ஒரு டீக்கடை. அதை நடத்துகிற அம்மா பகதூரின் அப்பாவை அறிந்தவர்.

அங்கே காற்று எப்படி இருந்தது என்று சொல்கிறேன். சந்தை களைகட்டிய நேரத்தில் நீங்கள் கையை நீட்டினால் நாலு பேர் மேல் படும். சந்தை கலைந்த பிறகு அதே இடத்தில் கையை நீட்டினால் ஒருவர் மேல் பட்டாலே அதிகம். அதே மனிதர்கள்தான், ஆனால் நெருக்கம் போய்விட்டது. காற்றும் அப்படித்தான். இங்கே தாம்பரத்தில் மேலே இருக்கிற காற்றெல்லாம் கீழே இருக்கிற காற்றை அழுத்துகிறது. மேலே போகப் போக அழுத்த ஆள் குறைவு. ஒரு மூச்சு இழுத்தால் உள்ளே வருகிற பிராணவாயுவும் குறைவு. என் பையிலிருந்த முறுக்குப் பாக்கெட்டுகள் பலூன் மாதிரி உப்பிவிட்டன. கொதித்துக்கொண்டிருந்த டீ நம் வீட்டு டீ அளவுக்குச் சுடவில்லை. அங்கே தண்ணீர் முழுசாகச் சூடாகும் முன்பே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் சோறு வேகாதாம்.

எனக்குத் தலைவலி. செருப்பு மாட்டக் குனிந்தாலே மூச்சு வாங்கியது. கடை முழுக்க என்னைச் சுற்றி நின்றது. பூண்டுக் கஞ்சி வந்தது, கம்பளி வந்தது. யாரோ என் காலைப் பிடித்துவிட்டார்கள். பகதூரோ ஒற்றைக் கையில் பையைத் தூக்கிக்கொண்டு சரிவைப் பார்க்க ஓடினார், திரும்பி ஓடி வந்தார், மறுபடி ஓடினார். கொஞ்சம் இருமினார். தூசி என்றார். அவரை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

காலையில் எனக்குத் தலைவலி இறங்கியிருந்தது. பகதூர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். படுத்தால் மூச்சு வரவில்லையாம். நாவல்பழம் தின்ற வாய் மாதிரி உதடு. இளநீர் தீர்ந்த பிறகும் ஸ்ட்ராவை உறிஞ்சினால் ஒரு சத்தம் வருமே, ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் நெஞ்சுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. துப்பியது ரோஜா நிறத்தில் நுரைத்திருந்தது.

கடைக்கார அம்மா அதைப் பார்த்ததும் அடுப்பை விட்டு எழுந்தார். கையைக் கீழ்ப்பக்கம் காட்டிச் சொன்னது எனக்கு மொழி தெரியாமலே புரிந்தது. கீழே. இப்போதே.

அதே நேரம் வெளியே சத்தம். சரிவில் ஆள் நடக்கிற அளவுக்கு வழி போட்டுவிட்டார்கள். பகதூர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். மேகம் விலகி எதிர்ச் சரிவு தெரிந்தது.

"அதோ பாருங்க அண்ணா, நீலத் தகரம். பொகை வருது பாருங்க. அதான் எங்க வூடு. ஒரு மணி நேரம் நடந்தா போதும்."

நடந்தார். நம் தெரு கேட்டுக்கும் முதல் வீட்டுக்கும் உள்ள தூரம்கூட இருக்காது, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் இங்க பொறந்தவன் அண்ணா. எனக்கு ஒண்ணும் ஆவாது. செத்த நேரம் உக்காந்துகினா சரியாப் பூடும்."

"உக்காந்தா சரியாகாதாம். அந்த அம்மா சொல்றாங்க. இறங்கணும்."

"அப்பா கீறாரு அண்ணா அங்க."

நானும் டிரைவருமாக அவரைத் தூக்கினோம். ஜீப் கதவை மாவுக்கட்டுக் கையால் தடுத்துக்கொண்டு ஏற மறுத்தார். அந்தக் கையை எடுத்துவிட்டவன் நான்தான். வண்டி திரும்பியபோது பின் கண்ணாடி வழியாக அந்த நீலத் தகரம் கொஞ்ச தூரம் வரைக்கும் தெரிந்தது. பகதூர் சத்தம் போட்டு அழவில்லை. அழக்கூட மூச்சு வேண்டும்.

இறங்க இறங்க ஒரு அதிசயம் நடந்தது. கல் கொட்டகையைத் தாண்டும்போது உதட்டுக்குக் கொஞ்சம் நிறம் திரும்பியது. பஜார் ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் காலை டீ கேட்டார். சின்ன வயது டாக்டரம்மா, இந்தியும் ஆங்கிலமும் கலந்து மெதுவாகப் பேசினார். நான் கேட்டேன், மலையில் பிறந்தவருக்கு எப்படி இது வரும், எனக்கல்லவா வந்திருக்க வேண்டும்?

அவர் சொன்னதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். மேலே போனதும் உடம்பு முதலில் மூச்சையும் இதயத்தையும் வேகப்படுத்தும். தாம்பரத்தில் கூட்டம் ஏறிவிட்டால் இருக்கிற மின்சார ரயிலையே அடிக்கடி ஓட்டுவதுபோல. ஒன்றுக்கு நிறையப் போகும், அதுவும் ரத்தத்தைச் சரிக்கட்டுகிற வேலைதான். பிறகு தங்கத் தங்க, வாரக்கணக்கில் எலும்புக்குள் சிவப்பணுக்கள் கூடுதலாக உண்டாகும். அது ரயிலுக்குக் கூடுதல் பெட்டி கோப்பதுபோல. ஆனால் கீழே இறங்கிவிட்டால் அத்தனை பெட்டி எதற்கு என்று உடம்பே கழற்றிவிடும். பிறந்த ஊர் எது என்று உடம்பு பார்ப்பதில்லை. கடைசியாக எங்கே இருந்தாய் என்றுதான் பார்க்கிறது. மலையில் பிறந்தவர்களிலும் சிலருக்கு, சமவெளியில் இருந்துவிட்டுச் சட்டென்று ஏறினால், நுரையீரலின் குழாய்கள் இறுகி, அழுத்தம் ஏறி, நீர் கசிந்துவிடும். பகதூர் முன்பு நடந்து வந்தபோது உடம்புக்கு நேரம் கிடைத்தது. கொட்டகையில் தங்கியபோதும் கிடைத்தது. இந்த முறை கிடைக்கவில்லை.

மாத்திரையில் பாதி அவருடையது என்பதை அப்போதுதான் நினைத்தேன். பை என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பகதூர் படுக்கையிலிருந்தே கேட்டார், மறுபடி எப்போது ஏறலாம் என்று. முதலில் முழுசாகக் குணமாக வேண்டும், பிறகு நின்று நின்று, தங்கித் தங்கி, மெதுவாக என்றார் டாக்டரம்மா. அவர் சொன்ன நாட்கள் அப்பாவிடம் இல்லை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

சாலை சரியாகிவிட்டதென்று லால் போன் செய்தான். பகதூர் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க போங்க அண்ணா."

"நானா? நான் யாரு அவருக்கு?"

"நம்மள்ல ஒருத்தராவது அவரு மூஞ்சிய பாக்கணும் இல்ல."

அதே ஜீப்பில் போனேன். இந்த முறை எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. ஒரு தடவை ஏறி இறங்கியதில் என் உடம்பு மலையைக் கொஞ்சம் படித்துவிட்டிருந்தது. செம்பாக்கத்துக்காரன் ஜம்மென்று ஏறிப் போகிறேன், அந்த ஊர்க்காரர் கீழே படுத்திருக்கிறார். யாருடைய பொருளையோ எடுத்துக்கொண்டு ஓடுகிறவன் மாதிரி கூச்சமாக இருந்தது. கல் கொட்டகை வந்தபோது டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை.

லால் வேளச்சேரியில் ஒரு ஓட்டலில் சில வருஷம் பரோட்டா போட்டவன். தமிழ் பேசுவான். என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனான். அடுப்போரம் பெரியவர் படுத்திருந்தார், ஆளே இல்லாத கம்பளி மாதிரி. கண் மட்டும் நன்றாக இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் லாலிடம் ஏதோ கேட்டார்.

"நடந்து வந்தானா, வண்டியிலயான்னு கேக்குறாரு அண்ணா."

பொய் சொல்லியிருக்கலாம். வண்டி என்றேன்.

பெரியவர் இன்னும் ஏதோ முனகினார். என்ன சொன்னார் என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் சொன்னான்.

"மலைகிட்ட சொல்லாம ஏன் வந்தான்னு கேக்குறாரு."

லால் போன் போட்டு அவர் காதில் வைத்தான். கீழிருந்து பகதூர் அவர்கள் மொழியில் பேசிக்கொண்டே போனார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, குரல் மட்டும் புரிந்தது. பெரியவர் மூச்சைத்தான் பதிலாக அனுப்பினார். சார்ஜ் தீரும் வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

மறுநாள் வெயில் ஏறிய நேரத்தில் பெரியவர் போய்விட்டார். கொள்ளியை லால் வைத்தான். திரும்பி வந்து அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்தபோது தாகமாக இருந்தது. பையிலிருந்த பாட்டில் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, மூடியை இறுக்கி, பழக்க தோஷத்தில் பையிலேயே போட்டுக்கொண்டேன்.

நான் கீழே வந்தபோது பகதூர் ஆஸ்பத்திரி வாசலில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். பஜாரிலிருந்து பார்த்தால் கணவாய் தெரியும். அன்று மேகம். இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருந்து, மெல்ல நடந்து ஏறலாமே, நானும் இருக்கிறேன் என்றேன்.

"யாரைப் பாக்க அண்ணா?" என்றார்.

திரும்பிவிட்டோம். தாம்பரம் ஸ்டேஷனில் இரண்டு பேர் பையையும் நானே தூக்கிக்கொண்டு மேம்பாலப் படி ஏறினேன். மூச்சு வாங்கவில்லை. மலை எனக்கு ஒரு பெட்டியாவது கோத்துக் கொடுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பகதூர் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு வந்தார். சில வாரத்தில் நானும் அதே பாதிப் படியில் நிற்க ஆரம்பித்தேன். மலை கோத்த பெட்டி அவ்வளவு நாள்தான் நிற்கும்.

வீட்டில் பையைக் கவிழ்த்தபோது அந்த பாட்டில் விழுந்தது. லாரி ஏறிய மாதிரி நசுங்கியிருந்தது. மூடி இறுகத்தான் இருந்தது, எங்கும் ஓட்டையில்லை. யோசித்த பிறகு புரிந்தது. உள்ளே இருப்பது அந்த வீட்டு வாசலின் லேசான காற்று. நம் ஊர்க் காற்று வெளியிலிருந்து அழுத்தி நசுக்கியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இதைச் சோதனையாகச் செய்து காட்டலாம். ஆனால் நான் அதைக் கேட்டுக்கு எடுத்துப் போனேன்.

"இன்னா அண்ணா, இது மேல பஸ்ஸு ஏறிடிச்சா?"

எங்கே வைத்து மூடியது என்று சொன்னேன். பகதூர் கட்டு பிரித்த கையில் அதை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டார். பத்திரமாக வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திருகினார். உஸ்ஸென்று ஒரு சின்னச் சத்தம். நெளிவெல்லாம் டக்டக்கென்று நிமிர்ந்து, கடையில் அடுக்கியிருக்கிற பாட்டில் மாதிரி ஆகிவிட்டது.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப இத்த பாத்தா, அங்கேந்து வந்ததுன்னு யாரு சொல்லுவாங்க?"

வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. பகதூர் பாட்டிலை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போய் கேட்டைத் திறந்தார்.